தாய்லாந்துக் குழம்பும் நம் வீட்டு அம்மியும்



"தாய் உணவு சாப்பிட வேண்டும்" என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டதுண்டா? எங்கள் வீட்டில் என் மகன் முதன்முதலாகக் கேட்டபோது, ஊஞ்சலில் அமர்ந்து தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த என் மாமி நிமிர்ந்து பார்த்து, "எந்தத் தாய்? நான் ஆக்கியதா, உன் தாய் ஆக்கியதா?" என்று வினவினார்கள். வீடே சிரித்தது. அது தாய்லாந்து நாட்டு உணவு, பழைய சயாம் நாட்டு உணவு என்று விளக்கிய பிறகு, "சயாம் என்று சொல்லக் கூடாதா!" என்று மாமியும் சிரித்தார்கள். சயாம் என்ற பெயர் அவர்களுக்குப் புதிதன்று. நம் முன்னோரில் கப்பலேறாத குடும்பம் எது?

ஆனால் அந்தச் சிரிப்பு அடுத்த வெள்ளிக்கிழமை வரை நீடிக்கவில்லை. அன்று நடந்ததை நான் மறைக்க விரும்பவில்லை. உங்களுக்கும் அது பாடமாகட்டும்.

ஓதிக் கொடுப்பவள் படிக்காமல் விட்டது

சேலத்திலும் நாமக்கல்லிலும் பெரிய கடைகளில் இப்போது தாய்லாந்துக் குழம்பு விழுது சீசாக்களில் கிடைக்கிறது. ஒன்றை வாங்கினேன். தேங்காய்ப் பாலில் கரைத்து, கோழியைப் போட்டுக் கொதிக்க வைத்தேன். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. மணமும் நன்றாகவே இருந்தது. ஜும்ஆ முடிந்து அனைவரும் அமர்ந்தோம். மாமி இரண்டு கவளம் உண்டிருப்பார்கள். பக்கத்தில் அமர்ந்திருந்த என் மகன் சீசாவை எடுத்து, அதில் எழுதியிருந்த பொருள்களை உரக்கப் படிக்கத் தொடங்கினான். மிளகாய், பூண்டு, எலுமிச்சைப் புல், உப்பு என்று வந்து, "இறால் விழுது" என்றான்.

மாமியின் கை தட்டிலேயே நின்றது. நாங்கள் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்த குடும்பத்தினர். கடல்வாழ் உயிரினங்களில் மீன் மட்டுமே ஆகுமானது என்பது ஹனஃபி சட்டம். இறால், மீன் இனத்தைச் சேர்ந்ததா இல்லையா என்பதில் நம் அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. ஆகும் என்போரும் உளர். விலக்குவதே பேணுதல் என்போரும் உளர். ஷாஃபிஈ மத்ஹபினருக்கு இதில் தடையே இல்லை; காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இறால் இல்லாத விருந்து குறைவு. ஆனால் என் மாமி எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இறாலைத் தொடாமல் பேணி வந்தவர்கள். அவர்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து ஒன்று மட்டும் சொன்னார்கள்: "ஏம்மா, நாலு பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறவ நீ. இதை ஒரு தடவை படிச்சுப் பாத்திருக்கக் கூடாதா?"

சகோதரிகளே, மதரஸாவில் ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவியருக்கு நான் நடத்தும் முதற்பாடம் "இக்ரஃ" என்னும் இறைக்கட்டளையைப் பற்றியது. ஓதுவீராக என்ற சொல்லை எத்தனை முறை விளக்கியிருப்பேன்! ஆனால் ஒரு சிறு சீசாவின் மேல் எழுதியிருந்ததை ஓதவில்லை. மறுநாள் ஆலிம் ஒருவரிடம் கேட்டோம். அறியாமல் உண்டதில் குற்றமில்லை, இனிப் பார்த்து வாங்குங்கள் என்று கூறி, மாமியின் மனத்தைத் தேற்றினார். மாமி தேறினார்கள். நான் தேற நாளாயிற்று.

அதன்பின் எங்கள் வீட்டில் தாய்லாந்துச் சமையல் நின்றுவிட்டது என்று எண்ணுவீர்கள். இல்லை. ஒரு மாதம் கழித்து மாமியே, "அந்தச் சயாம் குழம்பில் என்னென்ன சேரும், சொல். அம்மியில் அரைத்துப் பார்ப்போம்" என்றார்கள். அந்த அம்மியில்தான் எங்கள் சரியான தொடக்கம் நிகழ்ந்தது. அதையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அந்நியமல்லாத அயல்நாடு

தாய்லாந்து உணவு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அந்நாட்டின் மேற்குக் கரையில் உள்ள தக்குவாபாவில், 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கு வெட்டப்பட்ட குளமொன்று மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரின் காவலில் விடப்பட்டதை அது கூறுகிறது. பிற்காலத்தில் காயல்பட்டினம் போன்ற ஊர்களைச் சேர்ந்த நம் சகோதரர்கள் பாங்காக்கில் இரத்தினக்கல் வணிகம் செய்து வேரூன்றினர்.

அந்நாட்டு மக்களில் பெரும்பான்மையினர் பௌத்தர்கள். ஆயினும் தென்கோடியில் உள்ள பட்டானி, யாலா, நராதிவாத், சத்தூன் ஆகிய மாகாணங்களில் முஸ்லிம்களே மிகுதி. நம் பிரியாணியை ஒத்த "காவ் மோக்", நம் கடைகளில் விற்கும் முர்தபாவை ஒத்த "மத்தபா" ஆகியவை அங்குள்ள முஸ்லிம் கடைகளின் உணவுகள். வடக்கே சியாங்மாய் நகரில் புகழ்பெற்ற "காவ் சோய்" என்னும் நூடுல்ஸ் குழம்பு, சீனாவின் யுன்னான் பகுதியிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களோடு தொடர்புடையது.

எல்லாவற்றிலும் நம் கருத்தைக் கவர்வது "மஸமான்" குழம்பு. உலகெங்கும் தாய்லாந்து உணவகங்களில் பரிமாறப்படும் இக்குழம்பின் பெயர் "முசல்மான்" என்ற சொல்லின் திரிபு என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரானின் கும் நகரிலிருந்து ஷேக் அஹ்மது என்னும் வணிகர் சயாமின் அன்றைய தலைநகரான அயுத்தயாவில் குடியேறினார். அரசவையில் உயர்பதவி பெற்று, அந்நாட்டு முஸ்லிம்களின் தலைவராகவும் ஆனார். அவர் போன்ற பாரசீக வணிகர்களின் சமையலே இக்குழம்புக்கு மூலம் என்று ஒரு சாரார் கூறுவர். தெற்கே மலாய் முஸ்லிம்களிடமிருந்து வந்தது என்று மற்றொரு சாரார் கூறுவர். எப்படியாயினும் கலிமா சொன்னவர்களின் அடுப்படியிலிருந்துதான் அது அரண்மனைக்குச் சென்றது. 1809 முதல் 1824 வரை ஆண்ட இரண்டாம் ராமா மன்னர், இக்குழம்பின் சுவையைப் போற்றிக் கவிதையே இயற்றியிருக்கிறார்.

பட்டை, கிராம்பு, ஏலம், சாதிக்காய், சீரகம், தனியா, தேங்காய்ப் பால், புளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை ஆகிய அனைத்தும் மஸமானில் சேரும். நம் வீட்டுக் கோழிக் குருமாவின் தூரத்து உறவு என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? ஆகையால் முதன்முதலாகத் தாய்லாந்துக் குழம்பு வைக்க விரும்புவோர் மஸமானிலிருந்து தொடங்குவது எளிது.

சொல்லிலும் ஓர் ஒற்றுமை உண்டு. மிளகாய் நமக்கும் அவர்களுக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. அதற்கு முன் இரு நாட்டினருக்கும் காரம் என்றால் மிளகுதான். நாம் புதிய காயை மிளகின் பெயராலேயே "மிளகாய்" என்றோம். அவர்களும் மிளகுக்குரிய "ப்ரிக்" என்ற பெயரை மிளகாய்க்குக் கொடுத்துவிட்டு, மிளகை "ப்ரிக் தாய்" என்று பிரித்துச் சொல்கின்றனர்.

தேட வேண்டிய பொருள்கள்

தாய்லாந்துச் சமையல் என்றதும் கிடைக்காத பொருள்களை எண்ணி மலைப்பவர்கள் பலர். நானும் மலைத்தேன். பிறகு பார்த்தால் பெரும்பாலானவை நம் சந்தையிலும் கொல்லையிலுமே இருக்கின்றன.

எலுமிச்சைப் புல்: தேநீரில் போட்டுக் கொதிக்க வைப்போமே, அதுவே. குழம்புக்கு இலை வேண்டாம். அடித்தண்டில் வெண்மையாக உள்ள நான்கு விரற்கடை நீளம் போதும். தொட்டியில் ஒரு தூர் நட்டுவிட்டால் ஆண்டு முழுவதும் பயன் தரும்.

அரத்தை: இஞ்சியைப் போன்றிருக்கும், இஞ்சியன்று. அவர்கள் பயன்படுத்துவது நாம் பேரரத்தை என்று சொல்வது. நாட்டு மருந்துக் கடைகளில் உலர்ந்ததாகக் கிடைக்கும். சளிக்குக் கஷாயம் வைக்கும் சித்தரத்தை அதன் தங்கை. உலர்ந்த அரத்தை கல்லைப் போன்றது. வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துச் சிறு துண்டாக நறுக்கிய பின்பே அரைக்க வேண்டும். அளவு மிகுந்தால் குழம்பு கஷாயமாகிவிடும். எங்கள் வீட்டில் ஒருமுறை ஆயிற்று!

மக்ரூட் இலை: கரடுமுரடான தோலுடைய ஒருவகை எலுமிச்சையின் இலை. ஆங்கிலத்தில் இதனைக் "காஃபிர் லைம்" என்று வழங்கி வந்தனர். அச்சொல் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை இழித்துரைக்கும் வசையாக ஆகிவிட்டதால், "மக்ரூட்" என்ற பெயரையே இப்போது பலரும் கையாள்கின்றனர். இது கிடைக்காவிடில் இளம் நாரத்தை இலையின் நடுநரம்பைக் கிழித்தெறிந்துவிட்டுப் பயன்படுத்தலாம். நாரத்தை இலையில் வேப்பிலைக்கட்டி இடித்த நம் பாட்டிமாருக்கு இம்மணம் புதிதாகாது.

கொத்தமல்லி வேர்: நாம் கிள்ளிக் குப்பையில் எறிவதை அவர்கள் கழுவி விழுதில் சேர்க்கின்றனர். தழையைவிட வேரில் மணம் ஆழமானது. வீண்விரயத்தை வெறுக்கும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம், இதனை அவர்களிடம் கற்றுக்கொள்வதில் தவறில்லை.

திருநீற்றுப்பச்சை: நோன்புக் காலத்துச் சர்பத்தில் மிதக்குமே சப்ஜா விதை, அந்தச் செடியின் இலை. தாய்லாந்தில் "ஹோரபா" என்று இதன் ஒரு வகையைக் குழம்பில் கடைசியாகத் தூவுகின்றனர். அரபு நாடுகளில் இச்செடியை ரைஹான் என்பர். சூரத்துர் ரஹ்மானில் நறுமணச் செடிகளைக் குறிக்க வரும் அதே சொல்!

வெல்லம்: அவர்கள் பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் எடுத்த இளநிறச் சர்க்கரையைச் சேர்ப்பர். நம் கருப்பட்டி நிறத்தையும் சுவையையும் மாற்றிவிடும். ஆகையால் நல்ல வெல்லமே ஏற்றது.

நின்று நிதானிக்க வேண்டியவை

இங்கேதான் என்னைப் போல் ஏமாறாதிருக்க வேண்டும்.

முதலாவது, மீன் சாறு. "நாம் ப்லா" என்பது அதன் பெயர். நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிட்டு, ஓராண்டு அல்லது அதற்கு மேலும் ஊறவிட்டு வடித்த நீர். மீனும் உப்பும் மட்டுமே எனில் நமக்குத் தடையில்லை. ஆனால் சிலவற்றில் வேறு பொருள்களும் சேர்ப்பர். படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, "கபி" எனப்படும் இறால் விழுது. ஏறத்தாழ எல்லாக் கடைக் குழம்பு விழுதுகளிலும் இது உண்டு. ஷாஃபிஈ குடும்பத்தார் தயங்க வேண்டியதில்லை. ஹனஃபிகள் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவடையுங்கள். வீட்டில் ஒருவர் உண்பார், ஒருவர் பேணுவார் என்றால், பேணுபவரின் மனத்தை முன்வைத்துச் சமைப்பதே குடும்பத்திற்கு அழகு.

மூன்றாவது, சிப்பிச் சாறு. இதுவும் ஹனஃபிகளுக்கு ஆகாது.

நான்காவது, உணவகங்களில் உண்பது. பௌத்தர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டின் சமையலில் பன்றி இறைச்சியும் அதன் கொழுப்பும் சமையல் மதுவும் சாதாரணம். கோழி கேட்டாலும், அதே சட்டியில் முன்பு எது வதங்கியது என்பது நமக்குத் தெரியாது; கோழி அறுக்கப்பட்ட முறையும் தெரியாது. பிள்ளைகள் வெளியே சென்று சந்தேகத்துடன் உண்பதைவிட, வீட்டில் நாம் தெளிவாகச் சமைத்துக் கொடுப்பது எவ்வளவோ மேல். இக்கட்டுரையின் நோக்கமும் அதுவே.

தாய்லாந்திலிருந்து வரும் பொருள்களில் அந்நாட்டு மத்திய இஸ்லாமியக் குழுவின் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்: சாய்சதுரக் கட்டத்துள் அரபியில் ஹலால் என்று பொறித்திருக்கும். முஸ்லிம்கள் சிறுபான்மையினராக வாழும் நாடாயினும், ஹலால் உணவு ஏற்றுமதியில் அவர்கள் மிகுந்த அக்கறை காட்டுகின்றனர். பாங்காக்கின் சுலாலாங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஹலால் ஆய்வுக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது.

மஸமான் குழம்பு செய்முறை

ஐந்தாறு பேருக்குரிய அளவு கூறுகிறேன்.

விழுதுக்கு: நீண்ட வற்றல் மிளகாய் 8 (விதை நீக்கி வெந்நீரில் அரைமணி ஊறியது), சின்ன வெங்காயம் 8, பூண்டுப் பல் 8, எலுமிச்சைப் புல் தண்டு 2, ஊறிய அரத்தை ஒரு சிறு துண்டு, கொத்தமல்லி வேர் 4, தனியா ஒரு மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, ஏலம் 4, கிராம்பு 4, பட்டை ஒரு விரற்கடை, சாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு தேக்கரண்டி.

வெங்காயத்தையும் பூண்டையும் தோலோடு தணலில் சுட்டோ, வெறும் சட்டியில் கருக வறுத்தோ உரித்துக்கொள்ளுங்கள். மஸமானின் தனிமணம் இந்தச் சுடுதலில் இருக்கிறது. தனியா, சீரகம் முதலியவற்றை வெறும் சட்டியில் வறுத்து முதலில் பொடியுங்கள். பிறகு மிளகாயும் உப்பும். பிறகு எலுமிச்சைப் புல்லும் அரத்தையும் வேரும். கடைசியில் சுட்ட வெங்காயமும் பூண்டும். கடினமானது முன், மென்மையானது பின் என்பதே அரைக்கும் ஒழுங்கு. மிக்சியிலும் அரைக்கலாம், ஆனால் நார் மசியத் தண்ணீர் ஊற்ற நேரும். தண்ணீர் மிகுந்த விழுது வதங்காது, வேகும். அம்மியிலோ ஆட்டுக்கல்லிலோ அரைத்தால் தண்ணீர் ஏறக்குறையத் தேவைப்படாது. தாய்லாந்திலும் கல் உரலில் இடிப்பதே மரபு.

குழம்புக்கு: கோழி ஒரு கிலோ, தேங்காய் 2, உருளைக்கிழங்கு 3, சின்ன வெங்காயம் 10, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை ஒரு கைப்பிடி, புளி நெல்லிக்காயளவு, வெல்லம் இரண்டு மேசைக்கரண்டி, பட்டை ஒரு துண்டு, ஏலம் 3. கோழிக்கும் முட்டைக்கும் நாமக்கல்லில் வாழும் நாம் அலைய வேண்டியதில்லை. நிலக்கடலையும் தேங்காயும் நம் மண்ணில் விளைபவையே!

தேங்காயைத் துருவி, கெட்டிப் பால் இரண்டு தம்ளரும் இரண்டாம் பால் மூன்று தம்ளரும் எடுங்கள். கெட்டிப் பாலை ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் ஆடை மேலே திரளும்.

இங்கே நம் பழக்கத்திற்கு நேர்மாறான ஒன்றைச் செய்ய வேண்டும். கெட்டிப் பாலைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வருமுன் இறக்குவது நம் முறை. பால் திரிந்துவிடக் கூடாது என்று அஞ்சுவோம். அவர்கள் கெட்டிப் பாலின் ஆடையை முதலிலேயே சட்டியில் ஊற்றி, எண்ணெய் பிரியும் வரை வேண்டுமென்றே காய்ச்சுவர். அந்த எண்ணெயில்தான் விழுது வதங்கும். வேறு எண்ணெய் வேண்டியதில்லை. பெட்டியில் விற்கும் தேங்காய்ப் பாலில் பிரியாமல் இருக்கச் சில பொருள்கள் சேர்த்திருப்பர். அது பிரியாவிட்டால் இரண்டு கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு வதக்குங்கள்.

ஆடை எண்ணெய் கக்கியதும் விழுதில் முக்கால் பங்கைப் போட்டு, மிதமான தீயில் ஐந்து நிமிடம் கிளறுங்கள். பச்சை வாசனை போய் நிறம் ஆழ்ந்ததும் கோழியைச் சேர்த்துப் புரட்டி, எஞ்சிய கெட்டிப் பாலையும் இரண்டாம் பாலையும் ஊற்றுங்கள். பட்டை, ஏலம் சேர்த்து மூடாமல் இருபது நிமிடம் கொதிக்கட்டும். பிறகு உருளைக்கிழங்கு, வெங்காயம், கடலை. கிழங்கு வெந்ததும் புளிக் கரைசலும் வெல்லமும். நாட்டுக் கோழியானால் கிழங்கு போடுமுன் அரைமணி கூடுதலாக வேகவிடுங்கள்.

இறக்குமுன் ருசி பார்ப்பதே இச்சமையலின் உயிர். உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம் நான்கும் நாவில் தனித்தனியே தெரிய வேண்டும். ஒன்று மற்றொன்றை அமுக்கக் கூடாது. மஸமானில் இனிப்பும் புளிப்பும் சற்றே முன்நிற்கும். உப்பு குறைந்தால் மீன் சாறு ஒரு தேக்கரண்டி விடலாம். உப்பே போதுமென்றாலும் குறையில்லை. மீன் சாறு உப்பு மிகுந்தது. இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களுக்கும், வெல்லம் சேர்வதால் சர்க்கரை நோயுள்ளவர்களுக்கும் அளவறிந்து பரிமாறுங்கள். வெறும் பச்சரிசிச் சோறே இதற்கு ஏற்றது, நெய்ச்சோறு வேண்டாம்.

இன்னும் மூன்று எளிய உணவுகள்

மஸமானுக்கு நேரமில்லாத நாளில் "கை ஜியாவ்" என்னும் முட்டைப் பொரியலைச் செய்யுங்கள். மூன்று முட்டையில் மீன் சாறு ஒரு தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு சில துளி விட்டு நுரைக்க அடித்து, நன்கு காய்ந்த எண்ணெயில் சற்று உயரத்திலிருந்து ஊற்றினால் பூரிபோல் உப்பும். சூடான சோற்றின்மேல் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

அடுத்தது "தோம் யாம்". மலேசியாவில் நம்மவர் நடத்தும் கடைகளில்கூட இது விற்பனையாகிறது. இறால் சேர்த்த தோம் யாமை 2024ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கோழியிலும் காளானிலும் செய்யலாம். கோழி எலும்பு வெந்த நீரில், நசுக்கிய எலுமிச்சைப் புல், அரத்தை, நாரத்தை இலை, பச்சை மிளகாய் போட்டுக் கொதிக்க வைத்து, கோழித் துண்டும் காளானும் தக்காளியும் சேர்த்து வெந்ததும் இறக்கிவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றை இறக்கிய பின்பே பிழிய வேண்டும். கொதிக்கும்போது பிழிந்தால் கசக்கும். எலுமிச்சை ரசம் வைக்கத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா! ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: புல்லும் அரத்தையும் இலையும் மணத்துக்காகவே, மென்று விழுங்குவதற்கல்ல. பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, சவ்வரிசி இனிப்பு. இது நம் சேலத்துக்கும் தாய்லாந்துக்கும் உள்ள நேரடி உறவு. மரவள்ளி மாவுப் பொருள்களின் ஏற்றுமதியில் உலகில் முன்நிற்பது தாய்லாந்து. இந்தியாவில் சவ்வரிசி என்றால் சேலம். இரண்டாம் உலகப் போரில் கீழை நாடுகளிலிருந்து வந்த சரக்கு நின்றுபோனபோது, 1943இல் சேலத்து மாணிக்கம் செட்டியார் அவர்கள், பினாங்கில் அத்தொழிலறிந்த பொபட்லால் ஷா அவர்களின் துணையுடன் மரவள்ளிக் கிழங்கிலிருந்து சவ்வரிசி தயாரிக்கத் தொடங்கினார். இன்று ஆத்தூரிலும் இராசிபுரத்திலும் ஆலைக் களங்களில் வெண்மணலாகக் காய்வதைக் காண்கிறோமே, அதன் வரலாறு இதுதான். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது.

தாய்லாந்தில் "சாக்கு" என்பர். ஒரு தம்ளர் சவ்வரிசியை அரைமணி ஊறவைத்து, நிறைந்த கொதிநீரில் போட்டு, அடிபிடிக்காமல் கிளறுங்கள். மணியின் நடுவே ஊசிமுனையளவு வெண்புள்ளி எஞ்சும்போது அடுப்பை அணைத்து மூடிவிட்டால் அதுவும் மறையும். வடித்து, வெல்லப் பாகு சேர்த்து, மேலே ஒரு சிட்டிகை உப்பிட்டுச் சூடாக்கிய கெட்டித் தேங்காய்ப் பாலை ஊற்றுங்கள். இனிப்பின்மேல் உப்புப் பாலா என்று தயங்காதீர்கள். அந்த உப்புதான் இனிப்பைத் தூக்கிக் காட்டும். மாம்பழப் பருவத்தில் நம் சேலத்து இமாம் பசந்தையோ மல்கோவாவையோ நறுக்கிச் சேர்த்தால், இஃப்தாருக்கு இதைவிடக் குளுமையான ஒன்று வேண்டியதில்லை.

அம்மியருகே

இனி மாமியின் கதையை முடித்துவிடுகிறேன். அன்று அம்மியில் அரைக்க அமர்ந்தபோது, நான் தனியாவையும் வெங்காயத்தையும் ஒன்றாகக் கொட்டினேன். மாமி தடுத்து, "கெட்டியானது முதல்ல, ஈரமானது கடைசில" என்றார்கள். தாய்லாந்துச் சமையல் நூலில் நான் படித்த ஒழுங்கு அதுவேதான். அதை அவர்கள் எந்த நூலிலும் படித்ததில்லை. அவர்கள் அரைக்க, நான் தள்ளிக் கொடுத்தேன். எனக்கு இந்த வீட்டில் இருபது ஆண்டுகள் ஆகின்றன. அம்மியருகே நாங்கள் இருவரும் சேர்ந்து அமர்ந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அப்போதுதான் எண்ணினேன். மிக்சி வந்தபின் அம்மி கொல்லைக்குப் போயிற்று. மாமி ஊஞ்சலுக்குப் போய்விட்டார்கள். சமையலறையில் அவர்களுக்கு வேலையில்லாமல் செய்ததை நான் ஓய்வு கொடுத்ததாக நினைத்திருந்தேன். அவர்கள் அதை அவ்வாறு நினைக்கவில்லை என்பது அன்று புரிந்தது.

குழம்பு கொதித்ததும் ருசி பார்க்கும் கரண்டியை அவர்களிடமே கொடுத்தேன். "புளி இன்னும் கொஞ்சம்" என்றார்கள். சேர்த்தேன். அன்று தட்டில் வைத்த சோறு முழுவதையும் உண்டார்கள். எந்தச் சீசாவையும் யாரும் படித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே சென்றது எது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே சகோதரிகளே, முதல்முறை செய்யும்போது சிறிதளவே செய்யுங்கள். சுவை பிடிக்காவிடில் வீணாகக் கூடாதல்லவா? வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அவர்களுக்கு ஒரு ரசம் தனியே வைப்பது பெரிய வேலையன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். நம் பிள்ளைகளுக்கும் இதையே பழக்குவோம். சரியாக அமைந்துவிட்டால், குழம்பில் சற்றுத் தண்ணீரைக் கூட்டியாவது அண்டை வீட்டாருக்கு ஒரு கிண்ணம் அனுப்ப மறவாதீர்கள். அதுவும் அந்த நபிகளார் (ஸல்) கற்றுத் தந்ததுதான்.

கடைக்குச் சென்று எதை வாங்கினாலும், முதலில் ஓதுங்கள். பின்பு காசு கொடுங்கள்.

வல்ல நாயன் அல்லாஹ் நம் அனைவரின் உணவையும் ஹலாலாகவும், அதில் பரக்கத் நிறைந்ததாகவும், நம் இல்லங்களை இளையவரும் முதியவரும் ஒன்றாக அமர்ந்துண்ணும் இல்லங்களாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.